நட்சத்திர மொய்

எங்கள் கம்பெனியில் அறிவுக்கென்று ஓர் அதிகாரி உண்டு. அது நான்தான். யாரும் சிரிக்க வேண்டாம், விசிட்டிங் கார்டிலேயே அப்படித்தான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நூலக அறிவியல் படித்தவள் நான். படிப்பு முடிந்ததும் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். மின்விசிறிக்கு அடியில் உட்காரவும் செய்தித்தாளில் கிரிக்கெட் பக்கம் பார்க்கவும் மட்டுமே பிள்ளைகள் வந்துபோன நூலகம் அது. அதை விட்டுவிட்டு, ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் தயாரிக்கும் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஏறினால் ஜன்னல் சீட்டுக்குக்கூடச் சண்டை போட வேண்டாத தூரம்தான்.

என்னை வேலைக்கு எடுத்தது சின்ன முதலாளி. பெரியவருக்குப் பஞ்சு தெரியும், பருத்தி தெரியும், பாக்கியை வசூல் பண்ணவும் தெரியும். சின்னவர் வெளியூரில் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்தவர். பெரிய மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட வேண்டுமானால், கம்பெனியின் அறிவு ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதற்காகச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அவர் கேன்டீன் சுவரில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினார். உங்கள் நிறுவனத்தின் சொத்து உங்கள் மூத்த ஊழியர்களின் தலைக்குள் இருக்கிறது, அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அது கேட்டைத் தாண்டிப் போய்விடும் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிளீச்சிங் மாஸ்டர் தன் வழுக்கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் திட்டத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு பிரிவிலும் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைப் பக்கம் பக்கமாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் அதைப் படித்து, சரியாக இருக்கிறதா, புரிகிறதா, இன்றைக்குப் பயன்படுமா என்று பார்த்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போட வேண்டும். சராசரி உயர்ந்தால் பக்கத்தின் தலையில் பச்சை டிக் விழும். பச்சை டிக் விழுந்தால் அது சரிபார்க்கப்பட்ட அறிவு, கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம். யார் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பது மறைவாக இருக்கட்டும் என்று ஆலோசகர் சொன்னார். சின்ன முதலாளி கேட்கவில்லை. எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும், அதுதான் நவீன நிர்வாகம் என்றார். போட்டவர் பெயரும் போட்ட நட்சத்திரமும் பக்கத்தின் அடியில் வரிசையாகத் தெரியும்படி செய்துவிட்டார்.

அங்கேதான் குடி கெட்டது. ஒருவர் பெயரும், அதற்கு நேராக ஓர் எண்ணும் வரிசையாக இருந்தால், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வேறு எதுவாகவும் தெரியாது. மொய்யாகத்தான் தெரியும்.

முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. எலக்ட்ரீஷியன் ஒரு பக்கம் எழுதியிருந்தார். தலைப்பு, ஜெனரேட்டர் ஓடாவிட்டால் என்ன செய்ய வேண்டும். உள்ளே ஒரே வரி: எனக்குப் போன் செய்யவும். ஸ்டோர்ஸ் குமாஸ்தா அதற்கு நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார். என்னைக் கேட்டால் அதுவே அநியாயத் தாராளம். எலக்ட்ரீஷியன் டெஸ்டரைக் கையில் பிடித்தபடி நேரே ஸ்டோர்ஸுக்குப் போய் நின்றார்.

"நான் ஒமக்கு அஞ்சு போட்டேம்லா? நீரு நாலு போட்டிருக்கீரு. மிச்சம் ஒண்ண வீட்டுக்குக் கொண்டு போயிட்டீரா?"

குமாஸ்தா பயந்துபோய் அன்றைக்கே அதை ஐந்தாக மாற்றிவிட்டார். செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாப் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் நான்கு போடவில்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்வதில் எங்கள் ஆட்களைக் குறை சொல்லவே முடியாது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் இடைவேளையில் என் அறைக்கு வந்து, "யக்கா, நம்ம பக்கத்துக்கு அவிய எம்புட்டு போட்டிருக்காவன்னு செத்த பாத்துச் சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். எழுதியிருப்பது என்ன என்று ஒருத்திகூடக் கேட்டதில்லை. ஒரு பிரிவுத் தலைவர் தன் பக்கத்தை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பிரிவாகப் போய், "போட்டிருக்கேன், வந்து செஞ்சிட்டுப் போங்க" என்று அழைப்பு வைத்தார். பத்திரிகையும் வெற்றிலை பாக்கும்தான் பாக்கி.

பக்கத்தைத் திறக்காமலே நட்சத்திரம் போட முடியும் என்பதையும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். எத்தனை பேர் திறந்தார்கள், எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். நட்சத்திரம் மழையாகக் கொட்டியது, படித்தவர் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மாதக் கடைசியில் சின்ன முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் நட்சத்திரங்களின் கிராஃபைப் பார்த்துக்கொண்டே, "மேடம், எங்கேஜ்மென்ட் சூப்பரா இருக்கே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மானிட்டரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம் போல இருந்தது.

இனி மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேண்டேஜ் துணி தறியிலிருந்து வரும்போது பழுப்பாகவும் பிசுக்காகவும் இருக்கும், தண்ணீர் விட்டால் உறிஞ்சாது. அதைப் பெரிய மூடி போட்ட இரும்புக் கொப்பரையில் காஸ்டிக் சோடா சேர்த்து வேகவைத்து, வெளுத்து, அலசி எடுப்பார்கள். இந்த அலசல்தான் முக்கியம். சரியாக அலசாவிட்டால் காரம் துணியிலேயே தங்கிவிடும், புண்ணின்மேல் கட்டினால் எரியும். அந்தப் பிரிவை ஆள்பவர் மாஸ்டர். பெரிய முதலாளிக்குத் தூரத்து உறவு. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மாமாதான், சொந்தம் இருக்கிறதோ இல்லையோ. கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். எங்களில் பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்த பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

வெளுத்த துணியை அலசுவது பற்றி அவரும் ஒரு பக்கம் எழுதினார். எழுதினார் என்றால், அவர் சொல்லச் சொல்ல ஆபீஸ் பெண் டைப் அடித்தாள். இரண்டு முறை அலச வேண்டும், கொப்பரையின் மேல் அடுக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும், தேறினால் அனுப்பிவிடலாம். ஏறிய அன்றைக்கே கம்பெனி முழுக்க ஐந்து ஐந்தாகச் செய்து தள்ளிவிட்டது. மாமா வீட்டு விசேஷத்துக்குக் குறைத்துச் செய்ய யாருக்குத் தைரியம் வரும்?

நான் இரண்டு போட்டேன்.

தவறு என்று தெரிந்து போடவில்லை. எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் ஒரு புத்தகத்தை அலமாரியில் வைக்கும் முன் அது எந்தப் பதிப்பு, எப்போது வந்தது, யார் பார்த்துச் சரி சொன்னார்கள் என்று கேட்பது என் தொழில். அந்தக் கேள்விகளைத்தான் பக்கத்தின் அடியில் எழுதினேன். இது எந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட முறை? எந்தத் தண்ணீருக்கு? அண்மையில் யாராவது இதைச் செய்து பார்த்துச் சரிபார்த்தார்களா? பதில் தெரிந்தால் ஐந்தாக மாற்றிவிடுகிறேன் என்றும் எழுதினேன். நூலகத்தில் இது சாதாரணம். இங்கே அது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

அன்று மதியம் கேன்டீனில் என் மேஜையில் யாரும் உட்காரவில்லை. மாஸ்டர் என்னைக் கடந்து போகும்போது மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டே போனார். சாயங்காலம் சின்ன முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"மாமாவுக்கு ரெண்டா மேடம்? அவர் சர்வீஸ் என்ன, உங்க சர்வீஸ் என்ன?"

"சர்வீஸுக்கு மார்க் போடல சார். அந்தப் பக்கத்துக்குத்தான் போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். படித்தவர், வெளியூர் பார்த்தவர், இப்படிக் கேட்டார். மறுநாள் என் கேள்விகள் தொனி சரியில்லை என்று நீக்கப்பட்டிருந்தன. நான் போட்ட இரண்டு மட்டும் அப்படியே இருந்தது. அத்தனை ஐந்துக்கு நடுவில் அது சராசரியை ஓர் இம்மிகூட அசைக்கவில்லை. பச்சை டிக் விழுந்தது. ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் கொடுத்து, அந்த ஆண்டின் சிறந்த அறிவுப் பக்கம் என்று மாஸ்டருக்குக் கேடயமும் கொடுத்தார்கள். அவர் அதைப் பிளீச்சிங் அறையின் வாசலுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பிளீச்சிங் பிரிவில் ஷிப்ட் கெமிஸ்டாகத் தகுதிகாண் காலத்தில் சேர்ந்திருந்தாள். அவள் அண்ணன் ராணுவத்தில் இருந்தபடி படிக்கவைத்த பெண். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தகுதிகாண் காலம் முடிந்து, கெமிஸ்டாக வேலை பார்த்தாள் என்று கம்பெனி ஓர் அனுபவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது இருந்தால்தான் மருந்துத் துறை அவளை அங்கீகரிக்கப்பட்ட கெமிஸ்டாக ஏற்கும், பிறகு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும். "அது மட்டும் கைக்கு வந்துட்டா போதும்க்கா, பொறவு எங்க அண்ணன் எனக்காக ஒத்த ரூவா அனுப்ப வேண்டாம்" என்று சேர்ந்த வாரமே என்னிடம் சொன்னாள்.

அவள் படித்தாள். அதுதான் அவளிடம் இருந்த விசித்திரம். பிளீச்சிங் பிரிவின் எல்லாப் பக்கங்களையும் திறந்து, நேரம் எடுத்து, வரி வரியாகப் படித்தாள். இடைவேளையில் என் அறைக்கு வந்து, இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் சோடா அளவு வேறு வேறாக இருக்கிறதே என்று கேட்டாள். கல்லூரி நூலகத்தில் இருந்த காலம் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்த வாசகி, கடைசியில் பஞ்சுக் கம்பெனியில் வந்து கிடைத்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது. அவளுக்காக ஒரு நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் நிரந்தரமாகப் போட்டு வைத்தேன்.

மாஸ்டரை எல்லோரும் மாமா என்றபோது அவள் மட்டும் மாஸ்டர் என்றே கூப்பிட்டாள். "மாமான்னு கூப்பிடுட்டி, மனுசன் சந்தோசப்படுவாரு" என்று பேக்கிங் பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்கு வரவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு கேரள வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பினார். பேண்டேஜ் கட்டிய இடத்தில் தோல் சிவந்து எரிகிறது என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து புகார். பிரித்துச் சோதித்தார்கள். உள் மடிப்புகளில் காரம் அப்படியே இருந்தது. எந்த நாள் சரக்கு, எந்த ஷிப்ட் என்று தேடியதில், அதுவரை சோடா அளக்கும் வேலையில் மட்டும் இருந்த அவள் தனியாக ஷிப்ட் பார்க்க ஆரம்பித்த வாரத்தில் போய் நின்றது.

விசாரணை சின்ன முதலாளியின் அறையில் நடந்தது. அவர், மாஸ்டர், தர மேலாளர், அந்தப் பெண், அறிவு அதிகாரியாகிய நான். அவளிடம், எத்தனை முறை அலசினாய் என்று கேட்டார்கள்.

"ரெண்டு தடவ சார். பக்கத்துல அப்பிடித்தான் இருக்கு. மேல் அடுக்குல துண்டு வெட்டி டெஸ்ட் பண்ணேன். பாஸ் ஆச்சு."

தர மேலாளர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். நான்தான் கேட்டேன், மற்ற ஷிப்டுகளில் எத்தனை முறை அலசுகிறார்கள் என்று.

"நாலு" என்றார் தர மேலாளர், தரையைப் பார்த்தபடி. "துண்டு நடு அடுக்குலதான் எடுப்போம். போர் தண்ணி வந்த பொறவு அப்பிடித்தான். கெணத்துத் தண்ணி இருந்தப்ப ரெண்டு போதும்."

கிணறு வறண்டு, போர்வெல்லின் உப்புத் தண்ணீருக்கு மாறி வருஷக்கணக்காகிவிட்டது. அந்தப் பக்கம் தவறு என்று கம்பெனி முழுக்கத் தெரியும். தர மேலாளருக்குத் தெரியும், ஹெல்பர்களுக்குத் தெரியும், ஐந்து நட்சத்திரம் செய்த அத்தனை பேருக்கும் தெரியும். எழுதிய மாஸ்டரே தன் ஷிப்டில் நான்கு முறைதான் அலசுகிறார். பச்சை டிக்கை நம்பியவள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான்.

"அப்புறம் ஏன் சார் ரெண்டுன்னு எழுதினீங்க?" என்று மாஸ்டரைக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்றே விட்டேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அதான் மொறையான மொறை. நான் தொழில் படிச்சது அப்பிடி. போர் தண்ணி என்ன, இன்னைக்கு இருக்கும். நாளைக்கு மலையில மழ பெஞ்சா கெணறு ஊறிரும். அதுக்காக எழுதுறத மாத்த முடியுமா? எழுதுறது வேற, செய்யுறது வேறம்மா. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"எனக்குத் தெரியாதே மாஸ்டர்" என்றாள் அவள்.

"தெரியலன்னா கேக்கணும்."

"கேட்டேனே. ரெண்டு போதுமான்னு கொப்பரைக்குப் பக்கத்துல நின்னு ஒங்ககிட்ட கேட்டேன். அதான் எழுதியிருக்குல்லா, படிக்கத் தெரியாதா, பரிசு குடுத்தது ஓங் கண்ணுக்குத் தெரியலியான்னு சொன்னீங்க."

மாஸ்டர் தெலுங்குக்குப் போனார். அன்று கொப்பரைப் பக்கம் நின்ற ஹெல்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இருவரும் மோட்டார் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்றார்கள். அதில் ஒருவர் வெளியே போகும்போது என்னிடம், "மாமா மொகத்துல பொறவு எப்பிடிக்கா முழிக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். எங்கள் கம்பெனியில் எல்லோருமே நல்ல மனிதர்கள். அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் கசந்துவிட்டது.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சின்ன முதலாளி நிதானமாக எனக்கு விளக்கினார். சான்றிதழ் தரும் ஆடிட்டர் அடுத்த மாதம் வருகிறார். பக்கம் தவறு என்று ஒப்புக்கொண்டால், அதற்குப் பச்சை டிக் கொடுத்த முறை தவறு, அந்த முறையில் டிக் வாங்கிய எல்லாப் பக்கமும் சந்தேகம். சான்றிதழ் போய்விடும், பெரிய ஒப்பந்தமும் போய்விடும். புதிய ஊழியர் பிழை செய்துவிட்டார் என்றால் அது பயிற்சிக் குறைபாடு. பயிற்சிக் குறைபாட்டை ஆடிட்டர் மன்னிப்பார்.

"பக்கத்துல எழுதினபடிதான் செஞ்சா சார். வேற என்ன பயிற்சி வேணும்?"

"அனுபவம் வேணும் மேடம். எதை ஃபாலோ பண்ணணும், எதை ஃபாலோ பண்ணக் கூடாதுன்னு தெரியணும். அது அந்தப் பொண்ணுக்கு இல்ல."

அந்த அறையில் உட்கார்ந்து அவரிடம் எவ்வளவு பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. நான் போட்ட இரண்டு நட்சத்திரத்தைக் காட்டினேன். நீக்கிய கேள்விகளைத் திரும்பச் சொன்னேன், எந்தத் தண்ணீருக்கு என்று அன்றைக்கே கேட்டேனே என்றேன். அவளை வேலையை விட்டு அனுப்பினாலும் சான்றிதழையாவது கொடுங்கள் என்று கடைசியில் கெஞ்சவும் செய்தேன். எதற்கும் அவர் கோபப்படவில்லை. கோபப்படாமல் மறுப்பதற்கென்று ஒரு படிப்பு இருக்கும்போல, அதில் அவர் நல்ல மார்க் வாங்கியிருக்க வேண்டும்.

தகுதிகாண் காலம் முடிவதற்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். தகுதிகாண் காலம் முடியவில்லை என்பதால் அனுபவச் சான்றிதழும் இல்லை. நான் என் பெயரில் ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். பழைய நூலகர் கொடுக்கும் கெமிஸ்ட் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வேண்டாம்க்கா, அண்ணன்கிட்ட என்ன சொல்லதுன்னுதான் தெரியல" என்றாள். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு பழைய பேருந்து நிலையத்துப் பக்கமாக நடந்து போனாள். என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை மறுநாள் அக்கவுண்ட்ஸில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே சின்ன முதலாளி ஒரு சுற்றறிக்கை போட்டார். புதிய ஊழியர்கள் எந்தப் பக்கத்தைப் பின்பற்றும் முன்பும் மூத்தவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். மாஸ்டரின் பக்கம் மட்டும் மாறவில்லை. எழுதியவர்தான் திருத்த வேண்டும் என்பது விதி, எழுதியவர் திருத்த மாட்டார். இது பழைய கிணற்று நீருக்கான முறை என்று நான் தலைப்புக்கு மேலே சிவப்பில் ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் அந்த வரி இல்லை. எனக்கு ஒரு மெமோ மட்டும் இருந்தது.

ஆடிட்டர் வந்தார். பச்சை டிக்குகளை எண்ணினார். மாஸ்டரின் கேடயத்துக்குக் கீழே நின்று அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார். சான்றிதழ் கிடைத்துவிட்டது. கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். அதில் எங்கள் நிறுவனத்தின் அறிவுத் தரம் மிகச் சிறந்தது என்று இருக்கிறது. நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் நூலக அறிவியல் படித்தவளுக்கு வேறு யார் சம்பளம் தருவார்கள்? புதிதாக யாராவது பிளீச்சிங்கில் சேர்ந்தால் முதல் நாளே கேன்டீனில் பிடித்து உட்காரவைத்து, அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள், நாலு அலசல், நடு அடுக்கு என்று காதோடு சொல்லிவிடுகிறேன். அறிவு அதிகாரியின் வேலை இப்போது அதுதான்.

ஆடித் தேர் நெருங்கிய சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. சேலைப் பிரிவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைச் சீருடையில் முதலில் அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "யக்கா, செத்த நேரம் நில்லுங்க, இவியள அனுப்பிட்டு வாரேன்" என்று பழைய மாதிரியே சிரித்தாள். அண்ணன் லீவில் வந்துபோனானா, வீட்டில் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் கேட்க நினைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அவளுக்கு எதிரே நடுத்தர வயது அம்மா ஒருவர் அரக்கு நிறத்தில் ஒரு பருத்திச் சேலையை விரித்துவைத்துக்கொண்டு யோசித்தார். மகள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும், நல்லதாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாயம் போவுமாம்மா?"

அவள் விரல் நுனியை நாக்கில் தொட்டு, சேலை ஓரத்தில் அழுத்தித் தேய்த்தாள். விரல் சிவந்தது. நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. அவள் அந்த விரலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற கடையின் மூத்த விற்பனையாளரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, இந்த அரக்கு சாயம் போவுமா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போவாது போவாது."

"போவாதாம்மா" என்றாள் அவள். அந்த அம்மாவுக்குத் திருப்தி. அதே சேலையில் இன்னொன்றும் எடுத்துக்கொண்டு பில் போடப் போனார்.

நான் பக்கத்தில் போனேன். "சாயம் போகுமே?" என்றேன்.

"போவும்க்கா. மொத அலசுலயே போவும்." பலகையில் கிடந்த சேலைகளை அவள் மடிக்க ஆரம்பித்தாள். பிறகு நிமிர்ந்து, நான் ஏன் இப்படி நிற்கிறேன் என்று புரியாதவள் போல என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்டுத்தானக்கா சொன்னேன்?"